பத்து வாரங்களுக்கு நான்கு புத்தகங்கள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்த நாளுக்கும் பல்கலைக்கழகக் கடிதம் வரும் நாளுக்கும் நடுவே நமது பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட இடைவெளி கிடைக்கிறது. பெறுபேறு வரச் சில மாதங்கள், வெட்டுப்புள்ளி வர இன்னும் சில மாதங்கள். அந்த நாட்களில் சிலர் கணினி வகுப்புக்குப் போகிறார்கள், சிலர் ஆங்கிலம் படிக்கிறார்கள், சிலர் தையல் பழகுகிறார்கள். பலர் வீட்டில் இருக்கிறார்கள். சம்பந்தம் பேச ஆட்கள் வந்துபோகத் தொடங்குவதும் அந்த இடைவெளியில்தான்.

இந்தப் பிள்ளைகளுக்காகப் பெண்கள் இலக்கிய வகுப்பு ஒன்றை நடத்துவதென்று நமது கல்லூரியில் முடிவாகியிருக்கிறது. பத்து வாரம், கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மணித்தியாலம். விரும்பியவர் சேரலாம். பரீட்சை இல்லை. வகுப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இருக்கவில்லை. எந்த நாவல்களைப் படிப்பிப்பது என்று பேச ஆரம்பித்தபோதுதான் ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. பத்து வாரத்தில் நான்குக்கு மேல் ஒழுங்காகப் படிக்க முடியாது. அப்படியானால் மற்றவற்றை எதற்காக விடுகிறோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதை ஆசிரியர் அறைக்குள்ளேயே பேசி முடித்துவிடாமல் பெற்றோரும் பிள்ளைகளும் வாசிக்கும் இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறேன். இது கல்லூரியின் முடிவு அல்ல, ஓர் ஆசிரியையின் கருத்து.

பெண் எழுதியிருந்தால் போதும், பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றார்கள் சிலர். இந்த அளவுகோல் பார்வைக்கு நியாயமானது. ஆனால் தமிழில் மட்டுமே எடுத்துப் பாருங்கள். 'ஜகன்மோகினி' நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாள் ஒருவரே நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதியவர். பெண் எழுதினார் என்பது புத்தகத்தைக் கையில் எடுக்க ஒரு காரணம். மூன்று வாரம் அதோடு உட்கார்ந்திருக்க வேறு காரணம் வேண்டும்.

'முதல்' என்ற சொல்லுக்கு மயங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் மயங்குவதில் பிழை இல்லை, நமக்குப் பெருமையான முதல்கள் இருக்கின்றன. இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த நமது அறிஞர் சித்திலெவ்வை. ஆனால் கதை கண்டியில் நடக்கவில்லை. கெய்ரோவில் ஆரம்பித்துப் பம்பாய், கல்கத்தா என்று ஓடுகிறது, அதில் ஓடுகிறவனும் ஓர் ஆண்பிள்ளைதான். இலங்கையில் ஒரு பெண் எழுதிய முதல் தமிழ் நாவல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்', 1914. கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்துப் போகும் ஒரு மனைவியின் துன்பத்தைச் சொல்வது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவர். அவருடைய 'காதலா கடமையா' 1938இல் உ.வே.சாமிநாதையரின் பாராட்டுரையோடு வெளிவந்தது. இந்த மூன்றையும் நமது பிள்ளைகள் அறியாமல் இருக்கக்கூடாது. அதற்கு முதல் நாள் வகுப்பில் ஒரு மணித்தியாலம் போதும். புத்தகங்களை மேசையில் வைத்து, முதல் பக்கத்தை வாசித்துக் காட்டி, எழுதியவர் எந்த வீட்டில் எந்த நிலையில் இருந்து எழுதினார் என்று சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். ஆனால் ஒரு நூல் வரலாற்றில் முந்தியது என்பதால், பத்தொன்பது வயதுப் பிள்ளை இன்றைக்கு அதோடு வாதாடலாம் என்று ஆகிவிடாது.

இன்னும் ஓர் அளவுகோல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. "நல்ல முன்மாதிரியான பெண் வருகிற கதையாகப் பாருங்கள் டீச்சர்." இதைப் பல பெற்றோர் சொன்னார்கள், ஆசிரியைகளும் சொன்னார்கள். அக்கறையில் சொல்வது, எனக்கு விளங்குகிறது. ஆனால் முன்மாதிரிகள் நமக்கு நாவலிலிருந்து வரவேண்டியதில்லை. கதீஜா நாயகியும் ஆயிஷா நாயகியும் இருக்கும்போது ஒரு கதாசிரியர் கற்பனையில் செய்த பெண்ணை எதற்காகப் பின்பற்றச் சொல்வது? நாவலின் வேலை வேறு. பிழை செய்கிற பெண், பயந்த பெண், இரண்டு மனமாக இருக்கிற பெண், மற்றவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண், வாய் திறக்காத பெண், இவர்களின் உள்ளே நின்று பார்க்க விடுவது நாவல். வேறு எதனாலும் அது முடியாது. பத்திரிகைச் செய்தி வெளியில் நின்று பார்க்கிறது. அறிவுரை மேலே நின்று பார்க்கிறது.

வாய் திறக்காத பெண் என்று சொன்னேன். என் பட்டியல் முழுவதும் அவளைச் சுற்றித்தான் அமைகிறது.

கன்னிப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்பதும், அவள் வெட்கத்தால் பேசாதிருந்தால் அந்த மௌனமே சம்மதம் என்பதும் ஹதீஸ் வழியாக நாம் அறிந்தவை. எவ்வளவு மென்மையான ஏற்பாடு! சபையில் வாய் திறந்து சொல்ல ஒரு பிள்ளைக்கு இருக்கும் கூச்சத்தை மதித்துச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அங்கே வெட்கம் என்ற காரணம் சேர்ந்தே வருகிறது. நாம் காரணத்தை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிள்ளை பேசவில்லை, ஆகவே விருப்பம் என்று முடித்துவிடுகிறோம். அது வெட்கமா, வாப்பாவுக்குப் பயமா, உம்மாவின் கண்ணீருக்கு இரக்கமா, தங்கைகளை நினைத்துச் செய்த கணக்கா, சொல்லியும் பயனில்லை என்ற களைப்பா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது பதிவேட்டில் மணமகளின் கையொப்பம் கேட்கப்படவில்லை, வலியின் கையொப்பமே கேட்கப்பட்டது. சட்டத்தைப் பற்றிப் பேச இது இடமல்ல. நான் சொல்ல வந்தது இதுதான்: மௌனத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்திருப்பது நமது சமூகத்தில் ஒரு மார்க்கத் தேவை. அந்த வாசிப்பைப் பழக்கக்கூடியது நல்ல நாவல். ஒரு பெண் பேசாமல் இருக்கும் பக்கத்தில், அவள் ஏன் பேசவில்லை என்பதை நமக்கு மட்டும் தெரியவைக்கிறது. பிள்ளைகள் பழகிக்கொண்டால் நாளைக்கு அவர்கள் உம்மாமாராகும்போது உதவும். இன்றைக்கே அந்த நிலையில் நிற்கிற பிள்ளைக்குத் தன் மௌனத்துக்குத் தானே ஒரு பெயர் வைக்க உதவும்.

ஆகவே பட்டியலில் முதலில் நான் எழுதிய பெயர் மரியமா பா. மேற்கு ஆபிரிக்காவில் உள்ள செனகல் நாட்டு ஆசிரியை. 1929இல் டக்காரில் பிறந்தவர். 'இத்தனை நீண்ட கடிதம்' என்று நாம் சொல்லக்கூடிய நாவலை 1979இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1980இல் ஆபிரிக்க எழுத்துக்காக ஏற்படுத்தப்பட்ட நோமா விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே காலமானார். ஆங்கில மொழிபெயர்ப்பு ஏறக்குறைய நூறு பக்கம்தான்.

கதை தொடங்கும்போது ரமத்துலாய் என்ற ஆசிரியையின் கணவர் மௌத்தாகியிருக்கிறார். அவள் இத்தா இருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள். அந்த நாட்களில் தன் பால்ய சிநேகிதி ஐசத்துவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதம்தான் நாவல். உலகத்தின் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் இந்த நாவலைப் படிப்பித்தாலும் ஆசிரியர் முதலில் இத்தா என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும். நமது வகுப்பில் அதை விளக்கத் தேவையில்லை. வெள்ளை உடுத்து ஓர் அறையில் இருக்கும் பெரியம்மாவையோ மாமியையோ பார்க்காத பிள்ளை நம்மிடம் இல்லை. அந்த அறைக்குள் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்றுதான் நாம் யாரும் கேட்டதில்லை.

இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்து பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, அவளுடைய கணவர் மகளின் பள்ளிச் சிநேகிதியான பினத்துவை இரண்டாம் தாரமாக முடித்தவர். அதை அவர் வந்து சொல்லவில்லை. நிகாஹ் நடந்த நாளில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து சொல்கிறார்கள்: இமாம், கணவரின் சகோதரர், குடும்ப நண்பர். அவள் அழவில்லை. சிரித்த முகத்தோடு குடிக்கக் கொடுத்து நன்றி சொல்லி அனுப்புகிறாள். பல ஆண்டு கழித்துக் கணவர் மௌத்தாகிறார். நாற்பதாம் நாள் அதே மூன்று பேர் மறுபடி வருகிறார்கள். அந்தச் சகோதரர் அவளைத் தான் முடித்துக்கொள்வதாக, கேட்காமலே, தீர்ந்த விடயம் போலச் சொல்கிறார். இந்தத் தடவை அவள் பேசுகிறாள். முப்பது ஆண்டாகப் பேசாதது எல்லாம் வருகிறது. முதல் தடவை அவள் காத்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது, அது சம்மதமாக இருக்கவில்லை என்று. இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்க எனக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

இன்னொரு மௌனமும் அந்தப் புத்தகத்தில் உண்டு, வாசிப்பவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பினத்து. அவளும் வாய் திறப்பதில்லை. பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில், இறுதிப் பரீட்சை எழுத முன்னர், வறுமையிலிருந்து மீளத் துடிக்கும் தாயின் வற்புறுத்தலால் படிப்பை விட்டவள். ரமத்துலாய் அவளைக் கோபத்தோடு பார்க்க எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆனால் கோபத்துக்கு நடுவே அவளை அறுக்கக் கொண்டுபோன ஆட்டுக்குட்டியாகவும் பார்க்கிறாள். நமது வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் ரமத்துலாயின் வயதினர் அல்ல, பினத்துவின் வயதினர். அவள் எழுதாத கடிதத்தை எழுதிப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

இந்த நாவலுக்குத்தான் எதிர்ப்பு வந்தது. பலதார மணத்தைப் பற்றிய கதை, மார்க்கம் அனுமதித்ததைப் பிள்ளைகள் மனதில் பிழையாக விதைக்கும் என்று. எதிர்ப்பைச் சொன்னவர் ஒரு தகப்பன், மரியாதையாகச் சொன்னார், மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். ரமத்துலாய் தொழுகிறவள். இத்தாவை ஒரு நாள் குறையாமல் இருக்கிறவள். கணவர் விட்டுச்சென்ற கடன்களும் அவர் ஒளித்தவைகளும் வெளியே வருவது எதனால் தெரியுமா? மீராஸ் பங்கிடும் கடமையால். குர்ஆன் வகுத்த வாரிசுரிமைதான் அந்த வீட்டில் உண்மையைப் பேச வைக்கிறது. சிநேகிதி ஐசத்துவின் கணவரும் இரண்டாவது முடிக்கிறார். அவள் நான்கு ஆண்பிள்ளைகளோடு வெளியேறுகிறாள். ரமத்துலாய் வெளியேறவில்லை. எவள் செய்தது சரி என்று புத்தகம் தீர்ப்புச் சொல்லவில்லை, இருவரும் கடைசிவரை சிநேகிதிகள். ஒரு தகப்பன் பயப்பட வேண்டியது இப்படிப்பட்ட புத்தகத்துக்கு அல்ல. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி முடிவையும் தானே சொல்லிவிடுகிற புத்தகத்துக்கும், அதைவிட வேகமாக அதே வேலையைச் செய்யும் கைபேசி நாடகத்துக்கும்தான்.

இரண்டாவது புத்தகம் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', 1979. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. எழுத முன்னர் அந்தந்த மக்களிடம் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதுவது அவருடைய வழக்கம். நமது புத்தளத்தில் இதை வைக்காமல் வேறெங்கே வைப்பது? உப்பளத்தைப் பஸ் ஜன்னலால் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் மின்னும், அழகாக இருக்கும், போனை எடுத்துப் படம் பிடிப்போம். அந்த மின்னலை நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு என்ன ஆகும், உப்பு நீரில் நிற்கிற காலில் புண் எப்படி ஆறாமல் இருக்கும், கங்காணியின் பார்வையிலிருந்து ஒரு குமரி தன்னை எப்படிக் காத்துக்கொள்வாள் என்பதைப் பொன்னாச்சி என்ற பெண்ணின் பின்னால் நடந்து காண்கிறோம். வட்டார வழக்கு முதல் இருபது பக்கத்துக்குக் கஷ்டமாக இருக்கும். சத்தமாக வாசித்தால் தீர்ந்துவிடும். இங்கே இருக்கும் மௌனம் வேறு மாதிரியானது. கூலி வெட்டப்படும் என்பதால் பேசாதிருப்பது. கலியாணத்தைப் பற்றி மட்டும்தான் பெண் இலக்கியம் பேசும் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது ஒரு மாற்று.

மூன்றாவது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கதையை ஒரு பெண் எழுதியது. நான் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "நமக்கும் தோட்டத்துக்கும் என்ன டீச்சர்?" என்று கேட்டாள். காலையில் குடித்த தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். அதுவே காரணம். நமது வீட்டைக் காட்டும் கதை ஒன்று வேண்டும். ஒரே நாட்டில், ஒரே மொழியில் இருந்தும் நாம் உள்ளே போயே பார்க்காத வீட்டைக் காட்டும் கதையும் ஒன்று வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களைப் பற்றிச் சரித்திரப் பாடத்தில் ஒரு பந்தி படித்திருப்பார்கள். அந்தப் பந்திக்குப் பின்னால் இருந்த லயத்து அறைகளை இங்கே பார்க்கட்டும்.

நான்காவது நாவலே அல்ல, ஒரு நீண்ட கதை. ரொக்கையா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு'. வங்காளத்து முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதி, 1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் வெளியே இருந்து ஆட்சி செய்கிறார்கள். சூரிய வெப்பத்தைத் திரட்டிப் போரை வெல்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு ஆண்களை அடைத்துவைத்தது நியாயமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிளக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இப்படி எழுதியவர் எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1911இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டவர். முதல் வாரத்துக்கு இதுதான். ஒரே இருப்பில் வாசித்துவிடலாம் என்பதால், புத்தகம் வாசித்தே பழகாத பிள்ளையும் இரண்டாவது வகுப்புக்கு வருவாள்.

ஆங்கில ஆசிரியை ஒருவர் ஜேன் ஆஸ்டினுக்காக வாதாடினார். எனக்கும் ஆசைதான். 1813இல் வந்த அந்த நாவலில் கொலின்ஸ் என்ற மாப்பிள்ளையிடம் எலிசபெத் வேண்டாம் என்று தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவனோ அதை நாணம் என்று எடுத்துக்கொள்கிறான். வாய் திறந்து சொன்ன மறுப்பும் காதில் ஏறாத ஒரு சபை! மூன்று நாளைக்குள் அவளுடைய சிநேகிதி சார்லட், இருபத்தேழு வயதாகிறதே என்ற கணக்கில், அதே மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்கிறாள். இந்தக் கணக்கைப் புத்தளத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் முழு நாவலும் ஐந்து வாரத்தை விழுங்கிவிடும். கொலின்ஸ் பெண் கேட்கும் அத்தியாயத்தை மட்டும் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்து, மற்றதை விரும்பியவர் வாசிக்கட்டும் என்பது என் யோசனை. ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியவர்கள் நமது நாட்டு அமீனா ஹுசைனின் 2009ஆம் ஆண்டு நாவலையும் தேடலாம். தந்தை மறைந்த பிறகுதான் தான் வளர்ப்பு மகள் என்று அறியும் கதீஜாவின் கதை அது.

இனி எல்லாரும் மெதுவான குரலில் கேட்ட கேள்வி. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எங்கே?

2004இல் வந்த அந்த நாவல் முஸ்லிம் பெண்களின் உள்வீட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் மிக முக்கியமானது என்பது என் எண்ணம். ஒரு பெண்ணை இன்னொரு பெண் எப்படிக் காவல் காக்கிறாள் என்பதை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் என் நான்கில் அது இல்லை. பெரிய புத்தகம், பாத்திரங்கள் ஏராளம், பத்து வாரமும் அதற்கே வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெண்கள் தமக்குள் பேசும் உடலைப் பற்றிய பேச்சு அதில் வெளிப்படையாக வருகிறது. ஒருவரையொருவர் அறியாத முப்பது பிள்ளைகள் முதன்முதலாகக் கூடும் வகுப்பில் அந்தப் பக்கங்கள் வந்தால், வெட்கத்தில் யாரும் பேசமாட்டார்கள். சிரிப்பை அடக்குவதிலேயே மணி போய்விடும், நாவல் வீணாகிவிடும். பழகிய வாசகிகளுக்கு, இரண்டாம் சுற்றில், அதை வைக்கலாம். அந்தச் சுற்றுக்கு விரும்பும் தாய்மாரையும் அழைக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. உம்மாவும் மகளும் ஒரே புத்தகத்தை ஒரே கிழமையில் வாசித்தால் வீட்டில் எந்தப் பேச்சு ஆரம்பிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' போருக்குப் பிந்திய கிழக்கின் பெண்களைப் பற்றியது, அதையும் அந்தச் சுற்றுக்கே வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. சில பக்கங்களை எடுத்துவிட்டுப் படிப்பிக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு நான் உடன்படவில்லை. பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பதைவிடப் புத்தகத்தைக் கொடுக்காமலே இருக்கலாம். கிழித்தது எந்தப் பக்கம் என்று அன்று பின்னேரமே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அந்தப் பக்கம் போனில் கிடைக்கும். தனியாக, அவசரமாக, கதவை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் இல்லாமல் அதை மட்டும் வாசிப்பார்கள். கேள்வி கேட்க ஓர் ஆளும் இருக்காது. நாம் பயந்தது எதுவோ அதையே நமது கையால் செய்து முடித்திருப்போம். பட்டியலில் இல்லாத புத்தகங்கள் வாசிகசாலை அலுமாரியில் பூட்டில்லாமல் இருக்கட்டும். நான்கு புத்தகங்களின் பெயரும் அவை எதைப் பற்றியவை என்ற சுருக்கமும் பெற்றோருக்குக் கடிதமாக வரும். வாசித்துவிட்டு மறுப்புச் சொல்ல விரும்பும் பெற்றோருக்கு வகுப்பில் ஒரு நாற்காலி உண்டு. வாசிக்காமல் சொல்லும் மறுப்புக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மிச்சம் இருப்பது புத்தகம் தேடும் வேலை. 'சுல்தானாவின் கனவு' சிறியது, தமிழாக்கித் தட்டச்சு செய்து கொடுக்கலாம். மரியமா பாவை நாங்கள் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பில் தமிழில் சொல்லிச் சொல்லிப் போவோம். ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பக்கம் தமிழாக்கி வந்தால் பத்தாம் வாரம் முடியும்போது நம்மிடம் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கும், அது தனி ஆசை. 'கரிப்பு மணிகள்' இந்தியாவிலிருந்து வருவிக்க வேண்டும், கொழும்புக் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஈழத்துப் பழைய நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் தேடிப் பார்க்கலாம். 'தூரத்துப் பச்சை' வாசிகசாலையில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதிலும் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. பழைய மாணவியர், பெற்றோர் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது அது இருந்தால் இரண்டு மாதத்துக்கு இரவல் தாருங்கள். வாசிகசாலைப் பொறுப்பாசிரியையிடம் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், புது அட்டை போட்டுத் திருப்பித் தருவோம்.